ஆக்கிரமிப்பும் ஆண்டுத் தேர்வும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பதும் அதே பாட்டிமார் வாக்குத்தான். முதலாவதைக் குடிசையில் இருப்போர் சொல்கின்றனர். இரண்டாவதைக் குடிசைக்கு எதிர்வீட்டில் இருப்போர் சொல்கின்றனர். இரண்டு பழமொழிகளுக்கும் நடுவே கையில் ஒரு கோப்புடன் நிற்பவர் தாசில்தார். ஆற்றங்கரையிலும், வாய்க்கால் மேட்டிலும், ரயில் பாதையோரத்திலும், நடைபாதையிலும் அனுமதியின்றிக் குடியேறியவர்களை நம் அரசு அலுவலகங்கள் எவ்வாறு நடத்துகின்றன, எவ்வாறு நடத்த வேண்டும் என்பது பற்றி எங்கள் கருத்தை இங்கே எழுத விரும்புகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பெரிய பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வீடு இடிபடும் நாளில் சட்டி பானைகளோடு தெருவுக்கு வருவது புத்தகப் பையும்தான். ஆகவே எங்களுக்கும் இதில் பேச உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

செய்தித்தாளில் "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று இரண்டு சொற்களில் முடிந்துவிடும் செய்திக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. யாருடைய பட்டாவிலும் சேராத அரசு நிலத்தைப் புறம்போக்கு என்கிறோம். ஏரி, ஆறு, வாய்க்கால், மேய்ச்சல், மந்தைவெளி, வண்டிப்பாதை, மயானம், களம் என்று கிராமக் கணக்கில் அதற்குப் பல பிரிவுகள். ஊராரின் பொது உபயோகத்துக்காக விடப்பட்ட இந்நிலத்தில், பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவன் முதலில் நான்கு கம்பு நட்டு ஓலை வேய்கிறான். அடுத்த ஆண்டு மண்சுவர் எழுகிறது. அதற்கடுத்த ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பிறகு குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எல்லாம் அதே விலாசத்துக்கு வந்து சேருகின்றன. அரசின் ஒரு கை கொடுத்த அட்டையை மற்றொரு கை பார்ப்பதில்லை. வாக்குக் கேட்டு வரும் நாளில் அவன் வாக்காளப் பெருமகன். இடிக்க வரும் நாளில் ஆக்கிரமிப்பாளன். பல இடங்களில் அந்த நாலு முழ மண்ணுக்கும் யாரோ ஓர் உள்ளூர்ப் பெரிய மனிதரிடம் பணம் கொடுத்துத்தான் அவன் குடியேறியிருக்கிறான். பொக்லைன் வரும் நாளில் அந்தப் பெரிய மனிதரைக் காண முடிவதில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்போரை வெளியேற்ற இன்றும் பயன்படுவது வெள்ளையர் காலத்தில், 1905ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்துக்காக இயற்றப்பட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம். அச்சட்டப்படி, ஆக்கிரமித்த நிலத்துக்குத் தீர்வை விதிக்கலாம். கிராமங்களில் "பி மெமோ" என்று சொல்கிறார்களே, அது இந்தக் கணக்கில் வருவதுதான். பல குடும்பங்கள் பி மெமோவைப் பட்டாவுக்கு முந்தின படி என்று நம்பிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பதை நாங்கள் அறிவோம். உண்மையில் அது "நீ இருப்பது உன் நிலமன்று" என்று அரசு எழுதிக் கொடுத்த சீட்டு. வெளியேற்ற வேண்டுமானால், முதலில் ஏழாம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து, "ஏன் உன்னை வெளியேற்றக் கூடாது?" என்று காரணம் கேட்க வேண்டும். பதிலைப் பரிசீலித்த பின் ஆறாம் பிரிவின்படி, தகுந்த அவகாசம் கொடுத்துக் காலி செய்யச் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஏரி குளங்களைக் காக்க 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. ஆக, நூறு ஆண்டுக்கு முந்திய வெள்ளைக்காரன் சட்டங்கூட, இடிப்பதற்கு முன் கேள்வி கேட்கச் சொல்கிறது. அந்தக் கேள்வி எப்போது, எந்த மொழியில், யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பதே விஷயம். வேலைக்குப் போன வீட்டின் பூட்டிய கதவில் மாலையில் ஒட்டப்பட்டு, இரவு மழையில் கரைந்துபோன காகிதமும் கணக்கில் அறிவிப்புத்தான்.

தனியார் நிலமானால் வழி வேறு. நிலத்துக்கு உடையவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தடியாட்களை அனுப்பக் கூடாது. பிறர் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எதிர்ப்பின்றி, வெளிப்படையாக, தமதென்றே அனுபவித்தவர் உரிமை கோர இடமுண்டு என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் சொல்கிறது. அரசு நிலமானால் முப்பது ஆண்டுகள். குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்த இடமாக இருந்தால், உடையவர் வழக்குத் தொடுக்கவே அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். வெளியேற்றப்பட்டால் அவர் சக்திக்கேற்ற வேறு இடம் கிடைக்குமா என்பதை அந்த அதிகாரி பார்க்க வேண்டும். இது 1971ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டுமே. சென்னையில் 1971இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் சில. அதோடு அந்தப் பட்டியல் நின்றுபோயிற்று. அதற்குப் பின் உண்டான குடிசைகள் சட்டத்தின் கண்ணில் குடிசைகளே அல்ல போலும்.

அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டில், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்னும் அறிஞர் அண்ணாவின் கருத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்ட வாரியம் அது. (2021ஆம் ஆண்டில் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது, ஊரார் வாயில் மட்டும் இன்னும் "ஹவுசிங் போர்டு"தான்.) தொடக்க ஆண்டுகளில் அது செய்த வேலை எளிமையானது. குடிசைகள் இருந்த அதே இடத்தில், அல்லது அதற்கு அருகிலேயே, மாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தது. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குக் கடற்கரையிலேயே வீடு கிடைத்தது. பின்னர் 1977 முதல் உலக வங்கியின் உதவியோடு வேறொரு முறையும் கையாளப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, குழாயும் சாலையும் போட்டு, வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். அந்த வீடுகளின் தரத்தில் குறை சொல்வோர் உண்டு, குறையும் உண்டு. எனினும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். அல்லது நகரத்தின் விளிம்பிலாவது இருந்தார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் நிலைமை மாறியது. பழைய மாமல்லபுரம் சாலையருகே கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்தவர்கள் அங்கே கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டார்கள். கூரை கிடைத்தது, கழிப்பறை கிடைத்தது. அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் அதிகாலையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய், ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு எந்த வீட்டில் போய்ப் பாத்திரம் தேய்ப்பாள்? 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாணவியருக்கு இலவசப் பயண அட்டை அதற்கு முன்பிருந்தே உண்டு. காசு மிச்சம், உண்மைதான். நாளில் போகவும் வரவும் ஆகும் மூன்று நான்கு மணி நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

மற்றொரு தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது முதலில் மூழ்கியவை கரையோரக் குடிசைகள்தாம். ஆற்றின் மடியில் வீடு கட்டுவது ஆற்றுக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. "ஏழை என்பதால் எங்கும் இருக்கலாம்" என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வாய்க்கால் அடைபட்டால் அதன் மேல்புறத்தில் உள்ள பத்துத் தெருக்களில் சாக்கடை நிற்கிறது. அங்கே இருப்பவர்களும் பெரும்பாலும் பணக்காரர் அல்லர். ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்தில் நெஞ்சுவலி வந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுவதையும் நாம் பார்க்கிறோம். அகற்றித்தான் தீர வேண்டிய இடங்கள் உண்டு.

ஆனால் ஆக்கிரமிப்பாளர் பட்டியலை எழுதத் தொடங்கினால் முதல் பெயர் யாருடையதாக இருக்கும்? 1920களில் மயிலாப்பூர்ப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உண்டானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது; சாலையிலிருந்து பார்க்க ஏரிதான் இல்லை! நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆண்டாண்டு காலமாக மாநகரத்துக் குப்பை போய்க் கொட்டப்பட்டதும் அதே சதுப்பில்தான். ஆற்றங்கரையிலிருந்து ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டவர்களுக்குக் கொடுத்த பெரும்பாக்கமும் அந்தச் சதுப்பின் ஓரத்துத் தாழ்ந்த பூமியே. இவற்றையெல்லாம் இடிக்க வேண்டும் என்பது எங்கள் வாதமன்று. நீர்நிலையின் பேரால் அறுபது சதுர அடிக் குடிசையை ஒரே காலைப்பொழுதில் அகற்றுகிறவர்கள், தங்கள் துறையே தூர்த்த ஏரியை நினைத்துக்கொண்டு, அந்தக் குடிசைக்காரனுக்கு நான்கு மாத அவகாசமாவது கொடுக்கலாம் அல்லவா?

நாங்கள் ஏன் நான்கு மாதம் என்று கணக்கிடுகிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. பம்பாய் நகரில் 1981 ஜூலையில், கொட்டும் மழையில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிட அன்றைய முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே ஆணையிட்டார். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும், நடைபாதைவாசிகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 ஜூலையில், தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினர். உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அவர்கள் கூறினர். அதே மூச்சில், நடைபாதையை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் கூறினர். முறையாக அறிவிப்புக் கொடுத்து, காரணம் கேட்டு, அதன் பிறகே அகற்றலாம் என்பது முடிவு. 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றார்கள். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுக் காரியத்துக்கு அந்நிலம் தேவைப்பட்டாலொழியத் தொடக் கூடாது என்றார்கள். சென்னைக் குடிசைவாசிகள் சார்பில் வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கையும் அந்த ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

அந்தப் பம்பாய்த் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு வரி எங்களுக்கு மிக முக்கியமாகப்படுகிறது. மழைக்காலம் முடியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, யாரையும் அகற்றக் கூடாது என்று நீதிபதிகள் நாள் குறித்தார்கள். அகற்றுவது சரி என்று ஒப்புக்கொண்ட பிறகும், எப்போது அகற்றுவது என்பது தனிக் கேள்வி என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே காட்டிவிட்டது. மழைக்காக ஜூலை முதல் அக்டோபர் முடியக் காத்திருக்கலாமென்றால், பொதுத்தேர்வுக்காக டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஏன் காத்திருக்கக் கூடாது?

நடப்பது என்ன? 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் அகற்றப்பட்டது கல்வியாண்டின் நடுவில். தீவுத்திடல் அருகே சத்தியவாணிமுத்து நகரில் வீடுகள் இடிக்கப்பட்டது 2019 டிசம்பர் இறுதியில், நாமெல்லாம் கிறிஸ்துமஸ் குடிலைக் கலைக்காமல் வைத்திருந்த நாட்களில். இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற ஆணையின்படி, பக்கிங்காம் கால்வாயோர வீடுகள் இடிக்கப்பட்டது 2022 ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும். மே மாதந்தானே, விடுமுறைதானே என்று எண்ண வேண்டாம். கொரோனாவால் கல்வியாண்டு தள்ளிப்போன ஆண்டு அது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மே 5ஆம் நாள் தொடங்கியது, பத்தாம் வகுப்புக்கு மறுநாள். அந்த இடிப்பைக் கண்டு மனம் பொறாமல் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பின்னரே, அங்கிருந்தோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அருகில் இடம் தருவது முடியாத காரியமன்று என்பதற்கு அந்த அறிவிப்பே சான்று. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நடு ஆண்டில் பள்ளி மாறுவதில் என்ன கஷ்டம் என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும், அது வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான். எட்டாம் வகுப்புக்கு மேல் அதன் கை நீளாது. வீட்டில் இடைஞ்சல் வந்தால் முதலில் நிறுத்தப்படுவது எந்த வயதுப் பெண் என்று தாய்மார்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போன பிறகு புதிய பள்ளியில் யாரும் விருப்பத்தோடு சேர்த்துக்கொள்வதும் இல்லை. நம் போன்ற சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஆகவே நம் பள்ளிகள் இதில் செய்வது எதுவாயினும் மனமுவந்து செய்வதாக இருக்க வேண்டும்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு நவம்பர் மாதம், நம் ஊரிலேயே ஒரு குடிசைப் பகுதி அகற்றப்பட்டது. எங்கள் வகுப்பில் நான்கு பேர் அங்கிருந்து வந்தவர்கள். ஒருத்தி ஊருக்கு வெளியே கொடுத்த புது வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தாள். முதல் பாடவேளை எப்போதும் தவறிவிடும். முதல் பாடவேளை கணக்கு. பொங்கல் விடுமுறை வரை வந்தாள். மற்ற மூவரும் அரையாண்டுத் தேர்வுக்கே வரவில்லை. ஆசிரியை சில நாள் அவர்கள் பெயரை வழக்கம்போல் கூப்பிட்டார்கள். பிறகு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு விழுந்தது. அவர்களில் ஒருத்தியை இந்த ஆண்டு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலையில் பார்த்தோம். எங்களுக்கு முன்பாக வந்து நின்று, என்ன ரேஞ்சில் வேண்டும் என்று கேட்டாள். எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆறு மாதம் தள்ளி இடித்திருந்தால் அந்த வாய்க்காலுக்கோ நகருக்கோ என்ன நஷ்டம் வந்திருக்கும் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்களுள் ஒருத்தியின் தந்தை வருவாய்த்துறையில் பணிபுரிகிறவர். அவரிடம் இதைக் கேட்டோம். "நீதிமன்றம் தேதி குறித்துவிடும், அந்தத் தேதிக்குள் அகற்றினோம் என்று அறிக்கை தராவிட்டால் அவமதிப்பு வழக்கு எங்கள் தலையில் விழும். மனமில்லாமல்தான் போய் நிற்கிறோம்" என்றார். இடிக்கப் போகிற நாளில் வீட்டில் சரியாகச் சாப்பிடமாட்டார் என்று அவர் மகள் பிறகு சொன்னாள். அதிகாரிகளை அரக்கர்களாக எண்ணுவது தவறு என்பதை அன்று தெரிந்துகொண்டோம். ஆனால் அவகாசம் கேட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்ய அதிகாரிகளுக்குத் தடை ஏதும் இல்லை. அந்த மனுவில், இந்தப் பகுதியில் பத்தாம் வகுப்பில் இத்தனை பேர், பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை பேர், அவர்கள் படிக்கும் பள்ளிகள் இவை என்று எழுதிக் கொடுத்தால் எந்த நீதிபதி மறுப்பார்? அந்தக் கணக்கைக் கேட்டு இதுவரை எந்த அலுவலகத்திலிருந்தும் நம் தலைமையாசிரியைக்குக் கடிதம் வந்ததில்லை. பயோமெட்ரிக் கணக்கெடுப்பு நடக்கிறது, கைரேகை எடுக்கிறார்கள், குடும்பத்தோடு நிறுத்திப் புகைப்படம் எடுக்கிறார்கள். பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்ற ஒரு கட்டத்தையும் அந்தப் படிவத்தில் சேர்த்து, அதன்படி தேதி குறிக்கலாகாதா?

திருச்சபையும் இதுபற்றி மௌனமாக இல்லை. வீடற்றோருக்கு உறைவிடம் தரும் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த 1987ஆம் ஆண்டின் இறுதியில், வத்திக்கானின் நீதி அமைதி ஆணையம் வீடற்றோரைக் குறித்தே ஓர் ஏட்டை வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 அக்டோபரில் உரோமையில் ஏழை மக்கள் இயக்கங்களைச் சந்தித்தபோது நிலம், உறைவிடம், உழைப்பு ஆகிய மூன்றும் புனிதமான உரிமைகள் என்று கூறினார். ஆண்டுதோறும் டிசம்பரில் சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்துக்காக நாம் வைக்கோலும் வண்ணக் காகிதமும் கொண்டு குடில் கட்டுகிறோம். சிறந்த குடிலுக்குப் பரிசும் கொடுக்கிறோம். அந்தக் குடும்பமும் அன்று தங்கியது தமக்குச் சொந்தமல்லாத இடத்தில்தான்.

நம் பள்ளியின் பின்மதிலுக்கு வெளியே வாய்க்கால் கரையில் ஏறத்தாழ முப்பது குடிசைகள் உள்ளன. அவற்றை அகற்றக் கோரி நகராட்சிக்கு அனுப்பப் பெற்றோர்களில் சிலர் மனு ஒன்று தயாரித்திருக்கிறார்கள். கொசு, கழிவுநீர், மாலையில் குடித்துவிட்டுச் சண்டையிடுவோர், சைக்கிளில் வரும் மாணவியருக்கு இடைஞ்சல் என்று அதில் எழுதியிருப்பவை எல்லாம் உண்மை. அந்த வழியில் போகிறவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியும். அந்த முப்பது குடிசைகளிலிருந்து பதினொரு மாணவியர் நம் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களில் இருவர் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு, ஒருத்தி எங்கள் வகுப்பு. மனுவில் அது எழுதப்படவில்லை.

மனுவைக் கிழித்தெறியுங்கள் என்று பெற்றோர்களிடம் நாங்கள் கேட்கவில்லை. கையொப்பம் இடுவதற்கு முன் இரண்டு வரிகள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம். பொதுத்தேர்வுகள் முடிந்து ஏப்ரல் கடைசிக்குப் பிறகே அகற்ற வேண்டும் என்பது ஒன்று. மாற்றிடத்தை நம் ஊர் எல்லைக்குள்ளேயே தர வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இருந்தால் நாங்களும் கையொப்பமிடத் தயார், மாணவியர் கையொப்பம் செல்லுபடியாகுமானால்.

அருட்சகோதரியரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் விடுதியின் மாடியில் விருந்தினருக்கென்று ஒதுக்கிய அறையில் ஆறு கட்டில்கள் இருக்கின்றன. எங்கள் கோரிக்கை ஏற்கப்படாமல் நடு ஆண்டிலேயே பொக்லைன் வந்துவிட்டால், தேர்வு எழுத வேண்டிய மூவருக்கும் அவ்வறையைத் தேர்வு முடியும்வரை கொடுக்க வேண்டுகிறோம். சாப்பாட்டுச் செலவுக்கு எங்கள் வகுப்பின் சுற்றுலாப் பணத்தைத் தருவதாக வகுப்பில் பேசி முடிவு செய்துவிட்டோம். இரண்டு பேர் மட்டும் ஊட்டிக்குப் போக முடியவில்லையே என்று வருந்தினார்கள். மற்ற எட்டுப் பேரும் சிறியவர்கள். அவர்கள் வேறிடம் போக நேர்ந்தால் மாற்றுச் சான்றிதழை அலைய விடாமல் அன்றே கொடுத்துவிடுமாறும், போகாதவர்கள் பெயரின்மீது சிவப்புக் கோடு போடாமல் அடுத்த ஜூன் வரை இடத்தை வைத்திருக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

மனு இப்போது பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் அடுத்த கூட்டத்துக்குப் பிறகு நகராட்சிக்குப் போகும் என்று சொல்கிறார்கள். இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பகுதி காலியாக உள்ளது; இரண்டு வரி எழுதத் தாராளமாக இடமிருக்கிறது.